பதினாறு இஞ்சு வேண்டாம், தேவி

என் மகள் தேவிக்கு அப்பா எழுதுவது.

மரம் அறுக்கும் வாளைப் பற்றி நீ போனில் கேட்ட கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு இஞ்சு. உன் மேனேஜர் பதினாறுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாலும் பன்னிரண்டுக்கு மேல் போகாதே. செயின் வாங்கும்போது பல்லின் மூலை கூராக இல்லாமல் கொஞ்சம் உருண்டு இருக்கிற வகையாகப் பார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சின்னத் திமில் மாதிரி ஒரு மேடு எழும்பியிருக்கும் செயின் கிடைத்தால் அதையே எடு. இவ்வளவுதான் பதில். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதையும் எழுதாவிட்டால் பதில் பாதிதான். அதனால் நீ விட்டுப்போன பழைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா கேட்டாள், யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுறீங்க என்று. உனக்குத்தான் என்றேன். அவளிடம் இன்னும் சொல்லாத விஷயம் இதில் இருக்கிறது. நீ படித்துவிட்டு அவளுக்கு நீயே சொன்னாலும் சரி, நான் சொல்ல வேண்டுமென்றாலும் சரி.

தீபாவளிக்கு நீ நுவரெலியாவிலிருந்து வந்தபோது கையில் ஒரு காகிதம் கொண்டு வந்தாயே, மூன்று பேட்டரி வாளின் படம் போட்டது, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பெட்ரோல் வாளின் சத்தத்தில் காலையில் தூங்க முடியவில்லை என்று ஹோட்டலில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் புகார் சொல்கிறார்கள், அதனால் பேட்டரியில் ஓடுகிற வாள் எடுக்கப் போகிறார்கள், எது என்று தோட்டப் பொறுப்பாளரான நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வாசலிலேயே சொன்னாய். நான் வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் மரம் வெட்டினவன். நீ என்னைத் தாண்டி உள்ளே போய் உன் சித்தப்பா முன்னால் அந்தக் காகிதத்தை விரித்தாய்.

"சித்தப்பா, இதுல எது எடுக்கட்டும்?"

உன் சித்தப்பா சுந்தரம் காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னென்ன மரம் வெட்டுவீங்க?" என்று கேட்டான்.

"சைப்ரஸ் வேலிதான் முக்கியமா. சவுக்குக் கிளை. காத்தடிச்சா எப்பவாச்சும் ஒரு மரம் விழும்."

"பருமன்?"

நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். உன் கைகளுக்கு நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம் இருந்தது.

"அப்ப பன்னிரண்டு போதும் தங்கம். அதுக்கு மேல பேட்டரிக்குத் தாங்காது."

நீ அதை அப்படியே எழுதிக்கொண்டாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். நான் வாயைத் திறந்தேன். நீ கேட்டது, "அப்பா, மாத்திரை போட்டீங்களா?"

நான் போட்டுவிட்டேன் என்றேன். நீ போன பிறகு மூன்று நாள், அவன் சொன்ன பன்னிரண்டில் ஒரு தப்புக் கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்தேன். முடியவில்லை. செயின் சுற்றி ஓடுகிற தகட்டைத்தான் பார் என்போம், நீளமான பாருக்கு நீளமான செயின் வேண்டும். அதை இழுத்துச் சுற்றுவதற்கே பேட்டரியின் பாதி பலம் போய்விடும், வெட்டுவதற்கு மிச்சம் குறைவு. பன்னிரண்டு இஞ்சில் பத்து இஞ்சு மரத்தைத் தாராளமாக ஒரே ஓட்டத்தில் அறுக்கலாம். அதைவிடப் பெரியது விழுந்தால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று அறுக்கலாம். பார் குட்டையாக இருந்தால் அதன் மூக்கு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். எல்லாம் அவன் சொன்னது சரிதான். அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்கு ஆகவில்லை.

உன் அப்பா பொறாமைக்காரன், தேவி. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நீ முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு வேட்டியும் அவனுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டையும் எடுத்து வந்தாய். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வேட்டி எடுக்க யாருக்கும் அளவு தெரிய வேண்டியதில்லை. சட்டைக்குத் தோள் அளவு தெரிய வேண்டும். அவன் தோள் அளவு உனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சட்டையை அவன் போட்டுக்கொண்டு வரும்போதெல்லாம் நான் அந்தத் தோளைத்தான் பார்ப்பேன். அந்தத் தோள் அடிபட்டு இப்படி ஆனது எப்படி என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ பிறப்பதற்கு முன்னால் நம் தேயிலைத் தோட்டத்தில் மிஷின் வாள் கிடையாது. ஆளுயர இழுப்பு வாள்தான். ஒரு முனையில் ஒருவன், மறுமுனையில் இன்னொருவன். தேயிலை காய்ச்சுகிற ஸ்டோருக்கு விறகுக்காக டர்பன்டைன் மரங்களை நானும் சுந்தரமும்தான் அறுத்தோம். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். மலைவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய், என் தம்பிதாங்க, ஒழுங்காச் செய்வான் என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். இழுப்பு வாளில் தள்ளக்கூடாது, இழுக்க மட்டும்தான் வேண்டும். நீ இழுக்கும்போது மற்றவன் விட்டுக்கொடுக்க வேண்டும். ஏழெட்டு வருஷம் அப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வேலை செய்தோம். அந்தக் காலத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

நீ தவழ்கிற பருவத்தில் தோட்டத்துக்கு முதல் மிஷின் வாள் வந்தது. பதினெட்டு இஞ்சு பார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வைத்து, தோட்டத்து மேலாளரான பெரிய துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒருவர் மாற்றி ஒருவர் கையில் கொடுத்து ஒரு கட்டையை அறுக்கச் சொன்னார். நான் அதை இழுப்பு வாள் மாதிரியே அழுத்திப் பிடித்து அறுத்தேன். இன்ஜின் இருமியது. சுந்தரம் அதை மரத்தின் மேல் சும்மா வைத்தான், அதுவாகவே இறங்கியது. துரை அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்த நாளிலிருந்து அவன் மிஷின் பிடித்தான். நான் கோடரியோடு பின்னால் போய், அவன் சாய்த்த மரத்தில் கிளை கழித்தேன். தம்பி வெட்டிப்போட்டதை அண்ணன் பொறுக்குறான் என்று யாரும் சொன்னதில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்று நானேதான் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கும் ஒரு மிஷின் கொடுத்தார்கள். சின்ன இன்ஜின், பதினான்கு இஞ்சு பார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த நாலு இஞ்சுதான் கண்ணில் நின்றது. யாரிடமும் சொல்லாமல் ஹட்டனுக்குப் போய் இருபது இஞ்சு பாரும் அதற்குச் செயினும் வாங்கி வந்து என் மிஷினில் மாட்டினேன். மலைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் மரத்திலேயே இன்ஜின் திணறியது. அவ்வளவு நீளச் செயினைச் சுற்றுவதற்கு அந்த இன்ஜினுக்குச் சக்தி இல்லை. எண்ணெயும் பாரின் நுனிவரை போய்ச் சேரவில்லை. பத்து மணித் தேநீர் வருவதற்குள் பாரின் நுனி சூட்டில் நீலமாகிவிட்டது, புகை வந்தது. சுந்தரம் பக்கத்து மலையிலிருந்து புகையைப் பார்த்துவிட்டு வந்தான். பையிலிருந்து என் பழைய பதினான்கு இஞ்சு பாரையும் அதன் செயினையும் எடுத்து மாட்டினான். செயினை இழுத்துப் பார்த்து இறுக்கம் சரிசெய்தான். "இப்ப வெட்டுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் கழற்றிப்போட்ட பழைய பாரை அவன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

செயின் விஷயத்திலும் அப்படித்தான். மூலை கூரான பல் வைத்த செயின் ஒன்று உண்டு. சுத்தமான மரத்தில் அது வெண்ணெயில் போவது போலப் போகும். ஆனால் நம் தோட்டத்தில் மரத்தைச் சேற்றில் உருட்டி இழுத்துத்தான் கொண்டு வருவார்கள், பட்டை முழுக்க மண். மண் பட்டால் அந்தக் கூர் மூலை உடனே போய்விடும். நான் வீம்புக்கு அதையே மாட்டிக்கொண்டு மணிக்கொரு தடவை அரம் போட்டுக்கொண்டிருப்பேன். அவன் மூலை உருண்ட பல் செயினை மாட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் நிற்காமல் அறுப்பான். மெதுவாகத்தான் அறுப்பான். மாலையில் அடுக்கிப் பார்த்தால் அவன் குவியல்தான் பெரிது. உன் ஹோட்டலிலும் விழுந்த மரம் தரையில்தான் கிடக்கும், அதனால்தான் அந்த வகையை வாங்கச் சொல்கிறேன். பேட்டரி வாளுக்கு மெல்லிய செயினாகக் கேள். மெல்லிய வெட்டுக்கு மின்சாரம் குறைவாகப் போகும். பாரில் எழுதியிருக்கிற அளவும் செயினில் எழுதியிருக்கிற அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று நீயே பார், கடைக்காரன் சொன்னான் என்று எடுக்காதே. பேட்டரி வாள்தானே என்று எண்ணெய் ஊற்றாமல் விடுவார்கள். அதற்கும் செயின் எண்ணெய் வேண்டும். ஜனவரியில் அங்கே பூப்பனி விழுகிற காலையில் பேட்டரியை வெளியே ஷெட்டில் வைக்க விடாதே, குளிரில் சீக்கிரம் செத்துவிடும்.

இனி அந்த நாள். நீ ஏழாம் வகுப்புப் படித்தாய் என்று நினைக்கிறேன். ஆடி மாதத்து மழை, ஒரு வாரமாகக் காற்று. ஸ்டோருக்குப் போகிற ரோட்டில் ஒரு பெரிய டர்பன்டைன் மரம் விழுந்து, அதன் தலை ரோட்டோரத்துச் சவுக்கு மரத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. தேயிலைக் கொழுந்து ஏற்றிவந்த லொறி இரண்டும் அந்தப் பக்கமே நின்றன. நேரம் போனால் கொழுந்து சூடேறிப் பழுதாகிவிடும் என்று பெரிய துரையே குடையோடு வந்து நின்றார். என்னை, மரத்தின் மறுபக்கம் போய் எப்படிச் சிக்கியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். போனேன். இலைகளை விலக்கிப் பார்த்தேன். சுந்தரம் வெட்டப்போகிற கிளைக்கு நேர் பின்னால், ஒரு சாண் தள்ளி, முறிந்த கட்டை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நிற்கிற யாருக்கும் அது தெரியாது.

பார் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மூக்கின் மேல்பகுதி எதிலாவது முட்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், சித்தப்பா உனக்குச் சொல்லியிருப்பான். வாள் முன்னால் போகாது. வெட்டுகிறவன் முகத்துக்கும் தோளுக்கும் திரும்பி வரும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. சிக்கலான கிளைகளுக்குள் குட்டைப் பார் போடுவதும், திமில் வைத்த செயின் போடுவதும் அதற்காகத்தான். அந்தத் திமில் மூக்குப் பக்கம் பல் ஆழமாகக் கடிக்காமல் தடுக்கும். இரண்டும் அன்றைக்கு அவன் பையில் இருந்தன. மிஷினில் இருந்தது பதினெட்டு இஞ்சு பாரும் திமில் இல்லாத புதுச் செயினும்.

அவன் இந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்டான். "அண்ணே, அந்தப் பக்கம் எப்படி? சின்னதை மாட்டவா, இதே இருக்கட்டுமா?"

துரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லொறிக்காரர்கள், கண்டாக்கையா, கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இலைகளுக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றேன். என் மனசில் வந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். நீளமான பார் அந்தக் கட்டையில் போய்ச் சிக்கட்டும், எல்லோர் முன்னாலும் இன்ஜின் நிற்கட்டும், அவன் விழிக்கட்டும், துரை என்னைக் கூப்பிடட்டும். இதுதான் நினைத்தேன். அவனுக்கு அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் அடிபடலாம் என்பது தெரியாதவன் இல்லை நான். தெரிந்ததை அந்த ஒரு நிமிஷம் தள்ளி வைத்தேன்.

"இதே இருக்கட்டும்டா. அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் என்னை நம்பினான். ஏழெட்டு வருஷம் வாளின் மறுமுனையில் இருந்தவன் சொன்னதை ஏன் நம்பமாட்டான்?

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இடது தோள்பட்டை, காறை எலும்பு. கொழுந்து லொறியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம், என் மடியில்தான் படுத்திருந்தான். உயிர் தப்பியது. கை தோளுக்கு மேல் எழும்பாமல் போய்விட்டது. என்ன நடந்தது என்று துரை கேட்டபோது, "மரம் திரும்பிருச்சுங்க" என்றேன். யாரும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த வாரம் பதினெட்டு இஞ்சு மிஷினை என் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அவன் கையில் கட்டோடு நம் லயத்து வீட்டுக்கு வந்து, தன் அரத்தை என்னிடம் கொடுத்தான். "இந்த மிஷின் செயினுக்குப் பழகின அரம், நீங்க வச்சுக்குங்க அண்ணே" என்றான். அதையும் வாங்கிக்கொண்டேன். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது. அந்த மிஷினை நான் பிடித்த ஒரு நாளும், இது நம்முடையது என்று தோன்றவில்லை.

இதோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா? அதுதான் இல்லை. அவனால் மலையில் வேலை செய்ய முடியாமல் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கடையைப் போட்டான். செயின் தீட்டிக் கொடுக்கிற கடை. கொத்மலையிலிருந்துகூட ஆள் வர ஆரம்பித்தார்கள். எந்த மரத்துக்கு எந்தப் பார், எந்த மண்ணுக்கு எந்தச் செயின் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நீ ஹட்டனில் படித்த காலத்தில் பஸ் வரும்வரை அவன் கடையில்தான் இருப்பாய். வீட்டுக்கு வந்ததும், சித்தப்பா இப்படிச் சொன்னாங்க, சித்தப்பா அப்படிச் சொன்னாங்க என்பாய். மிஷின் என் கையில், பேர் அவன் கையில், என் மகளும் அவன் கடை வாசலில். நான் கெடுத்தவன் மேலேயே நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நீ போன் எடுத்தாய். "அப்பா, மேனேஜர் பதினாறு இஞ்சுதான் நல்லதுன்னு சொல்றார். பெரிசா இருந்தா எல்லாத்துக்கும் ஆகும்தானேன்னு கேக்கிறார். சித்தப்பா போன் வேலை செய்யல. நீங்க கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்று நீ நினைக்கவில்லை. தெரிந்தவனிடம் போய்க் கேட்டு வருகிற ஆளாக என்னை வைத்தாய். உன் மேல் குற்றமில்லை, நான் உனக்கு ஒரு நாளும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் அப்போது என் நாக்கில் என்ன வந்தது தெரியுமா? "பதினாறே வாங்கு, உன் மேனேஜர் சொல்றது சரிதான்." அவ்வளவும் வாய்க்குள் வந்து நின்றது. சுந்தரம் சொன்னது தப்பாகிப் போகட்டும் என்று. அந்த வாளை உன்னிடம் வேலை செய்கிறவர்கள் பிடிப்பார்கள், ஆள் வராத அன்று நீயே பிடிப்பாய். அது தெரிந்தும் வந்தது. இலைகளுக்குப் பின்னால் நின்றபோது வந்த அதே பேச்சு, அதே குரலில். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, அது கொஞ்சமும் வயசாகாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. நான் "கேட்டுச் சொல்றேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இனிமேல் இதை வைத்துக்கொண்டிருக்கக்கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவன் ஒரு செயினை இடுக்கியில் கட்டி அரம் போட்டுக்கொண்டிருந்தான். உன் கேள்வியைச் சொன்னேன். பன்னிரண்டேதான் என்று சொல்லச் சொன்னான். பிறகு நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அரம் நின்றது.

"ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க?" என்றான்.

"ஆமா."

"கட்டை இருந்தது தெரியுமா உங்களுக்கு?"

"பார்த்தேன்டா."

அவன் செயினையே பார்த்துக்கொண்டிருந்தான். அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "நான் சரியாப் பாக்காம வெட்டிட்டேன்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சிக்கிட்டிருக்கேன் அண்ணே. இந்தக் கடைக்கு வர்ற புது ஆளுக எல்லாருக்கும் தோளைக் காட்டி அதத்தான் சொல்றேன். நான் அவசரப்பட்டேன், போய்ப் பாக்கல, எம் புத்திதான் கெட்டுப்போச்சு, நீங்க அப்படிச் செய்யாதீங்கன்னு."

ஒருவன் தன்னையே முட்டாளாக்கி ஊருக்கெல்லாம் சொல்லி, எத்தனையோ பேருடைய கையையும் முகத்தையும் காப்பாற்றியிருக்கிறான். அந்தக் கதையை அவனுக்குக் கட்டிக் கொடுத்தது நான்.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். "இன்னிக்குப் போங்க அண்ணே" என்றான். நான் படி இறங்கும்போது, "தேவிக்கு எழுதுங்க. அவளும் நான் சொன்னதத்தான் நம்பிக்கிட்டிருக்கா" என்றான். அதனால் எழுதுகிறேன். நீ என்னை வெறுத்தாலும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய தோள் அவன் கவனக்குறைவால் போகவில்லை, அது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

உன் வேலைக்கு ஒரு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். உனக்குக் கீழே இப்போது ஐந்தாறு பேர். அதில் எவனோ ஒருவன் உன்னைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான், இல்லையென்றால் நாளைக்கு வருவான். மேனேஜர் அவன் தோளைத் தட்டுவார். உனக்கு உள்ளே எரியும். எரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே, நீ என் மகள், கொஞ்சமாவது இருக்கும். அவன் உன்னிடம் வந்து, அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்பான். எரிந்துகொண்டே உள்ளதைச் சொல்லிவிடு. எரிச்சல் அடங்கிய பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அதற்குள் அவன் வாளை ஓட்டிவிடுவான்.

மேனேஜருக்கு நீ சொல்ல வேண்டியது இது. பெரிய வாள் எல்லாவற்றுக்கும் ஆகாது. அது வேலி வெட்டவும் பாரம், கிளைக்குள்ளும் ஆபத்து, பேட்டரியும் பாதியில் செத்துப்போகும். பெரிய மரம் விழுந்தால் அன்றைக்குப் பழைய பெட்ரோல் வாளை எடுக்கட்டும், வெள்ளைக்காரர்கள் ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு இஞ்சு வாள் ஒன்று, பேட்டரி இரண்டு, உருண்ட மூலைச் செயின் இரண்டு, ஒன்று மழுங்கினால் மாற்ற. இதை அப்படியே எழுதிக் கொடு.

நேற்று மறுபடி ஹட்டனுக்குப் போனேன். அந்தக் காலைக்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை, பேசவுமில்லை. கடைக்கு எதிரில் ரோட்டில் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையால் உள்ளேயிருந்து ஸ்டூல் ஒன்றை இழுத்து வந்து வாசலில் போட்டுவிட்டு, திரும்பிப் போய் வேலையைப் பார்த்தான். நான் போய் உட்கார்ந்தேன். பிறகு டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், புது வாளுக்கு எத்தனை இஞ்சு பார் போடலாம் என்று கேட்டார். சுந்தரம் அவரிடம், என்ன மரம், எவ்வளவு பருமன் என்று கேட்டான். பிறகு பதிலைச் சொன்னான். தோளைக் காட்டி எதுவும் சொல்லவில்லை. அவன் சொன்ன பதில் எனக்கும் தெரிந்ததுதான். என்னை யாரும் கேட்கவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, தேவி. பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பா